ஐந்தாவது பரிமாணத்தின் எடைத் தகராறு

உலகத்துக்கு எத்தனை பரிமாணம் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பாயை விரித்தால் நீளம் ஒன்று, அகலம் ஒன்று. விடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால், தெருவில் போகிறவனுக்கு நீளம் மட்டும்தான் தெரியும். அது பாயா கம்பா என்றுகூட அவனால் சொல்ல முடியாது. அதன்மேல் ஏறிய எறும்புக்குத்தான் தெரியும், மேலே போக ஒரு வழி, சுற்றிவர இன்னொரு வழி என்று. கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கீறி, பட்டுத்துணி மாதிரி மடங்குகிற பாய் நெய்கிற ஊருக்கு இது பால்பாடம்.

ஐரோப்பாவின் பெரிய பெரிய மண்டைகளுக்கு இந்தப் பாடம் ஏற 1926 வரை ஆனது. ஏறிய பிறகும் நிம்மதி இல்லை. சுருட்டி ஒளித்த பரிமாணத்தை வைத்துக்கொண்டு துகள்களுக்கு நிறை எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டார்கள். முதல் கணக்கில் எடை தாறுமாறாகக் கூடிவிட்டது. அடுத்த கணக்கில் எடையே இல்லை. கடைசியில் கணக்கு நேராயிற்று, சரக்கு வந்து சேரவில்லை. அந்த நூறு வருஷக் கூத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இதில் விஞ்ஞானிகள் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள். சம்பவம் அவர்களுடையது, வசனம் என்னுடையது.

கூத்தில் முதலில் மேடையேறியவர் குன்னர் நோர்ட்ஸ்ட்ராம் என்ற பின்லாந்துக்காரர், முந்திரிக்கொட்டை. ஐன்ஸ்டைன் தன் ஈர்ப்புக் கொள்கையை முடித்தது 1915 நவம்பரில். நோர்ட்ஸ்ட்ராம் 1914லேயே நாலு பரிமாணத்துக்கு மேல் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, மின்காந்தமும் ஈர்ப்பும் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டார். குடும்பம் என்று சொன்னது சரி. அவர் கூட்டிவந்த ஈர்ப்புதான் தப்பான ஆள். சூரியனைக் கடக்கும் ஒளி அவர் கணக்குப்படி வளையக் கூடாது. 1919 கிரகணத்தில் அது வளைந்து தொலைத்தது. நோர்ட்ஸ்ட்ராமின் ஐந்தாவது பரிமாணத்தை ஊரே மறந்தது. அவரும் 1923ல், 42 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அதே 1919ல்தான் கோனிக்ஸ்பர்க் நகரத்திலிருந்து தியோடர் கலூசா ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். கலூசா அங்கே பல்கலைக்கழகத்தில் சம்பளம் இல்லாத வாத்தியார். பாடம் கேட்க வருகிற பையன்கள் கட்டுகிற காசுதான் வருமானம். முப்பது வயதுக்கு மேல் நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டு, முதல் தடவை தண்ணீரில் இறங்கியபோதே நீந்திக் காட்டியவர் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். பத்தமடைக் கன்னடியன் கால்வாயில் யாரும் இதைப் பரீட்சை பண்ணிப் பார்க்க வேண்டாம். ஆனால் கலூசாவின் குணம் இதில் தெரிந்துவிடும்: ஏட்டில் சரியாக வந்தால் ஆற்றிலும் சரியாக வரும் என்று நம்புகிற மனுஷன்.

அவர் செய்தது இதுதான். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டை நாலு பரிமாணத்துக்குப் பதிலாக ஐந்தில் எழுதினார். 15 உருப்படி கிடைத்தது. 10 உருப்படி பழைய ஈர்ப்பு. 4 உருப்படி, யாரும் கூப்பிடாமலே, மாக்ஸ்வெல்லின் மின்காந்தமாக வந்து நின்றன. 1 உருப்படி மிச்சம். அது யார், எந்த ஊர் என்று கலூசாவுக்கே தெரியவில்லை. கல்யாண வீட்டில் இரண்டு தரப்பும் மற்றத் தரப்பு ஆள் என்று நினைத்துக்கொள்கிற மனிதரைப் போல அது ஓரமாக உட்கார்ந்துகொண்டது. அதை நினைவில் வையுங்கள். 80 வருஷம் கழித்துச் சாப்பாடு கேட்டு வரும்.

ஐன்ஸ்டைனுக்கு ஒரே புல்லரிப்பு. இப்படி ஒரு யோசனை தனக்குத் தோன்றவே இல்லை என்று 1919 ஏப்ரலில் மனம் விட்டுப் பாராட்டிக் கடிதம் போட்டார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"கலூசா, நீரு சொல்லுத அஞ்சாவது பரிமாணம் எங்க இருக்குவே?"

"இருக்கு."

"கண்ணுல காங்கலையே?"

"எதுவுமே அதைப் பொறுத்து மாறாதுன்னு வச்சுக்கிடணும். அதான் நிபந்தனை."

"அதாவது இருக்கு, ஆனா கேக்கப்படாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

ஐன்ஸ்டைன் கட்டுரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டரை வருஷம் கழித்து மனசு மாறி, 1921 டிசம்பரில்தான் பெர்லின் அகாதெமியில் அச்சேற வழி செய்தார். அதற்காகக் கலூசாவுக்கு உடனே வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1929 வரை பையன்கள் காசில்தான் அடுப்பெரிந்தது. பத்தமடையில் 1887ல் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் இதே காலத்தில் மலேயாவில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒன்றே என்ற ஞானம் அவரையும் பிடித்தது. 1923ல் வேலையை உதறிவிட்டுக் கிளம்பி, சுவாமி சிவானந்தர் ஆகி, 1936ல் ரிஷிகேசத்தில் தெய்வ நெறிக் கழகத்தையே நிறுவிவிட்டார். எல்லாம் ஒன்றே என்று சொல்வதற்கு இயற்பியலைவிட ஆன்மிகத்தில் வாய்ப்பு அதிகம் என்பது இதிலிருந்து தெரியும்.

அடுத்து வந்தவர் ஆஸ்கர் கிளைன், சுவீடன்காரர். வருஷம் 1926. பத்தமடைக்குப் பக்கத்துச் சேரன்மகாதேவி குருகுலத்தில் பையன்களுக்கு ஒரே பந்தியா தனிப் பந்தியா என்று மாகாணமே சண்டை போட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கிளைன், ஐந்தாவது பரிமாணத்துக்கும் மற்ற நாலுக்கும் ஒரே பந்தி கிடையாது என்று தீர்த்துவைத்தார். நாலும் விரிந்து கிடக்கும். ஐந்தாவது சுருட்டிக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டி வட்டம். அதன் சுற்றளவு, சென்டிமீட்டரைப் பத்தின் 30ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது எதுவோ அதற்குப் பக்கத்தில். கண்ணில் படவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

நிறை பிறக்கிற இடமும் இதுதான். சுருட்டிய பாயின்மேல் எறும்பு மேலே போகாமல் சுற்றிச் சுற்றியே ஓடுகிறது என்று வையுங்கள். தெருவில் நிற்கிறவனுக்கு எறும்பு அசையாமல் நிற்பதாகத்தான் தெரியும். ஆனால் ஓடுகிற சக்தி அதனிடம் இருக்கிறது. நின்ற இடத்திலேயே சக்தி வைத்திருக்கிற பொருளுக்கு ஐன்ஸ்டைன் அகராதியில் ஒரே பேர்தான்: நிறையுள்ள பொருள். ஆக, ஒளித்த பரிமாணத்தில் ஓட்டம், வெளியே எடை. துகள் என்பது அலையும்கூட என்பதால் வட்டத்துக்குள் முழு முழு அலையாகத்தான் அடங்கும்: ஒன்று, இரண்டு, மூன்று. அதனால் எடையும் படிப்படியாகத்தான் வரும். மின்னூட்டம் ஏன் முழு எண் கணக்கில் வருகிறது என்பதற்கும் இதிலேயே விடை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சபையில் கைதட்டல்.

அப்புறம் எவனோ தராசைக் கொண்டுவந்தான். பாயை இறுக்கிச் சுருட்டச் சுருட்ட அலை குறுகும். அலை குறுகக் குறுக எடை ஏறும். கிளைன் சுருட்டிய இறுக்கத்துக்கு மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று மைக்ரோகிராம் கணக்கில் நிற்கும். மைக்ரோகிராம்தானே என்று அலட்சியம் வேண்டாம். உண்மையான எலெக்ட்ரானின் எடையோடு ஒப்பிட்டால் ஒன்றுக்குப் பின்னால் 21 சைபர் போட்ட மடங்கு அது. மாம்பழக் கடையில் ஒரு கிலோ கேட்டவனுக்குப் பூமியையே தராசில் வைத்தாலும் இவ்வளவு தப்பு வராது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பூமியின் எடை கிலோவில் 25 இலக்கம், அது இதைவிடப் பெரிய தப்பு. விஞ்ஞானிகளுக்கு அநியாயம் செய்யக் கூடாது.

ஐன்ஸ்டைன் இந்தப் பக்கம் வருவதும் போவதுமாக இருந்தார். 1938ல் தன் உதவியாளர் பெர்க்மனைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஐந்தாவது பரிமாணத்துக்குள் புகுந்து பார்த்தார். நாற்பதுகளில் வெளியே வந்துவிட்டார்.

இனி கூத்தின் வில்லன். வுல்ஃப்காங் பவுலி. அடுத்தவன் கொள்கையில் ஓட்டை கண்டுபிடிப்பது அவருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை மாதிரி. 1953ல் அவருக்கே ஒரு சபலம். ஐந்து போதாது, ஆறு பரிமாணம் வைப்போம் என்று, இரண்டு பரிமாணத்தை ஒரு கோளமாகச் சுருட்டிக் கணக்குப் போட்டார். அணுக்கருவுக்குள் நடக்கிற பலமான விசைக்குத் தேவையான சமன்பாடு அழகாக விழுந்தது. எடுத்துப் படித்தால், விசையைச் சுமந்துபோகிற துகள்களுக்கு எடையே இல்லை. எடை இல்லாத துகள் சுமக்கிற விசை ஒளியைப் போல ஊரெல்லாம் பரவ வேண்டும். அணுக்கரு விசையோ கருவின் வாசலைத் தாண்டுவதில்லை. பவுலி நண்பர் பைஸுக்குக் கடிதத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அச்சுக்குக் கொடுக்காமல் தாளை மடித்து வைத்துக்கொண்டார். கிளைனுக்கு எடை கூடிப்போன வயிற்றெரிச்சல், பவுலிக்கு எடையே வராத வயிற்றெரிச்சல்.

1954 பிப்ரவரியில் பிரின்ஸ்டனில் யாங் என்ற சீன இளைஞர் மில்ஸோடு சேர்ந்து செய்த வேலையைப் பற்றிப் பேச எழுந்தார். பரிமாணம் எதையும் கூட்டாமலே அதே சமன்பாட்டுக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார். முன்வரிசையில் பவுலி. பலகையில் முதல் வரியை எழுதியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இதோட எடை என்னடே?"

"அது இன்னும் சரியாத் தெரியலைங்க."

யாங் இரண்டு வரி தள்ளிப் போயிருப்பார்.

"எடை என்னன்னு கேட்டேன்."

"சிக்கலான கேள்விங்க. பாத்தோம், முடிவுக்கு வரலை."

"அதெல்லாம் ஒரு சாக்காடே?"

யாங் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். சபையில் சத்தமில்லை. ஓப்பன்ஹைமர்தான் பெரியமனுஷத் தோரணையில், பையன் பேசி முடிக்கட்டும் என்று பஞ்சாயத்துப் பண்ணினார். யாங்கும் மில்ஸும் எடைக்கு விடை இல்லாமலே அந்த வருஷமே கட்டுரையை அச்சேற்றினார்கள். இன்றைய துகள் இயற்பியல் முழுக்க அந்தக் கட்டுரையின்மேல்தான் நிற்கிறது. கேள்வி கேட்டவர் வைத்திருந்த தாள் மடித்த இடத்திலேயே கிடந்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு மேலே போகிறவனுக்கும், தெரியாததால் மடித்து வைக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

எடைக்கு விடை வேறு வாசல் வழியாக வந்தது. 1964ல் பிரௌட்டும் ஆங்லேரும் ஒரு பக்கம், பீட்டர் ஹிக்ஸ் ஒரு பக்கம், கடைசியாகக் குரால்னிக், ஹேகன், கிப்பிள் மூவரும் ஒரு பக்கம்: வெளி முழுவதும் ஒரு புலம் நிரம்பியிருக்கிறது, அதனோடு ஒட்டுகிற துகளுக்கு நிறை வரும், ஒட்டாத துகளுக்கு வராது என்றார்கள். ஹிக்ஸின் கட்டுரையை முதலில் ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. ஒரு பத்தி கூட்டி வேறு இடத்துக்கு அனுப்பினார்; கூட்டிய பத்தியில்தான் புதுத் துகள் ஒன்று இருந்தது. 2012 ஜூலை 4ல் செர்ன் ஆய்வகம் அதைப் பிடித்தது. 2013ல் நோபல் பரிசு அறிவித்தபோது ஹிக்ஸிடம் செல்போன் கிடையாது, வீட்டிலும் ஆள் இல்லை. தெருவில் எதிர்ப்பட்ட பழைய அயல்வீட்டு அம்மாள் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

இங்கே ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். நம் உடம்பின் எடையில் ஹிக்ஸின் பங்கு நூற்றுக்கு ஒன்று வாக்கில்தான். மீதி, புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே குவார்க்குகளும் குளுவான்களும் அடிக்கிற கொட்டத்தின் சக்தி. திருநெல்வேலி அல்வாவின் பங்கு தனிக் கணக்கு.

ஹிக்ஸ் வந்ததும் ஐந்தாவது பரிமாணம் கடையைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை, ஏனென்றால் ஹிக்ஸுக்கே ஒரு வியாதி. அதன் எடை 125 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட், அதாவது புரோட்டானைப் போல 130 மடங்கு சொச்சம். ஈர்ப்பின் இயல்பான அளவு, ஒன்றுக்குப் பின்னால் 19 சைபர் போட்ட ஜிகா எலெக்ட்ரான்வோல்ட். குவாண்டம் கணக்குப்படி இந்தப் பெரியதின் பாரம் அந்தச் சின்னதின் தலையில் ஏறியிருக்க வேண்டும். ஏன் ஏறவில்லை? சுற்றி வளைக்காமல் கேட்டால்: ஈர்ப்பு மற்ற விசைகளுக்கு முன்னால் ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது?

ஜப்பானின் ஹொசொடானி 1983ல் ஒரு வழி காட்டியிருந்தார்: ஹிக்ஸ் தனி ஆளே இல்லை, ஐந்தாவது பரிமாணத்தின் பக்கம் திரும்பிக்கொண்ட ஒரு விசைப் புலத்தின் கூறுதான் என்று. இழைக் கொள்கைக்காரர்கள் இதற்குள் பத்துப் பரிமாணம் வரை போய்விட்டார்கள். 1998ல் அர்கானி-ஹமேத், டிமோப்பூலஸ், ட்வாலி மூவரும், பரிமாணம் மில்லிமீட்டர் அளவுகூட இருக்கலாம், ஈர்ப்பு மட்டும் அதற்குள் கசிந்து வீணாகிறது, அதனால்தான் நோஞ்சான் என்றார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்குத் தராசு வைத்திருந்த குழு உடனே அளக்க உட்கார்ந்தது. 2007க்குள் ஒரு மில்லிமீட்டரில் 18ல் ஒரு பங்கு தூரம் வரை நியூட்டன் சொன்னபடியேதான் ஈர்ப்பு நடந்துகொள்கிறது என்று கண்டது. நியூட்டனுக்கு வயது ஆகிறதே தவிரத் தளரவில்லை.

1999ல் லிசா ராண்டலும் ராமன் சுந்தரமும் வந்தார்கள். இரண்டாவது பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டால் திருநெல்வேலி ஜங்ஷனில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவர்கள் பாயைச் சுருட்டவில்லை, விரித்தார்கள். ஐந்தாவது பரிமாணத்துக்குத் தலைமாடு ஒன்று, கால்மாடு ஒன்று. ஈர்ப்பு தலைமாட்டில் ஜமீன்தார் மாதிரி படுத்திருக்கிறது. நாமும் ஹிக்ஸும் கால்மாட்டில். நடுவில் வெளி ஒரேயடியாக வளைந்திருப்பதால், தலைமாட்டிலிருந்து ஒவ்வொரு சாண் இறங்கும்போதும் அளவுகோலே 2.7ல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 37 சாண் இறங்கினால் போதும், 16 சைபர் காணாமல் போய்விடும். தலைமாட்டில் மலைபோல இருக்கிற எடை, கால்மாட்டுக்கு வரும்போது ஹிக்ஸின் எடையாகிவிடும். பெரிய எண்ணைச் சின்ன எண்ணாக்க அவர்களுக்குப் பெரிய பாய் தேவைப்படவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் கெர்கெட்டா, போமரோல் போன்றவர்கள் பாய்க்கு ஆள் பிரித்துப் படுக்கை போட்டுவிட்டார்கள். ஹிக்ஸ் கால்மாட்டில். டாப் குவார்க் அதை ஒட்டிப் படுத்திருக்கிறது. உரசல் அதிகம், எடை 173 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட். எலெக்ட்ரான் தலைமாட்டுப் பக்கம் சுருண்டு படுத்திருக்கிறது. அதன் அலையின் வால்நுனி மட்டும் ஹிக்ஸைத் தொடுகிறது, எடை டாப் குவார்க்கில் 3 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு ஏற்றத்தாழ்வுக்குத் துகள்களின் குணத்தில் பெரிய பேதம் வேண்டியதில்லை. படுக்கையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால் போதும். நிறைக்கு இதுவரை சொன்ன காரணங்களில் இவ்வளவு அழகானதை நான் கேட்டதில்லை.

மறந்துவிட்டோமே, கலூசா வீட்டில் மிச்சமாக உட்கார்ந்திருந்த அந்த ஒரு உருப்படி? பாயின் நீளத்தை 37 சாணில் பிடித்து நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. 1999லேயே கோல்ட்பெர்கரும் வைஸும் அதற்கு ஒரு வழி செய்தார்கள். நீளம் ஆடுகிற ஆட்டத்துக்கு ரேடியான் என்று பேர் வைத்து, அதற்கும் எடை கொடுத்து, பந்தியில் உட்காரவைத்தார்கள். 80 வருஷப் பசி.

எல்லாம் தயார். ஹிக்ஸ் வந்தாயிற்று, இனி ஐந்தாவது பரிமாணத்தில் ஓடுகிற ஈர்ப்புத் துகள் வர வேண்டியதுதான் பாக்கி. 2015 டிசம்பரில் செர்ன் ஆய்வகத்தில் 750 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் பக்கம் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அவ்வளவுதான், உலகம் முழுவதும் பேனாவை எடுத்துவிட்டார்கள். எட்டு மாதத்தில் ஏறக்குறைய 500 கட்டுரை. ராண்டல் சுந்தரம் துகள் என்றார் ஒருவர், ரேடியான் என்றார் இன்னொருவர். 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், கூடுதல் தரவு பார்த்ததில் மேடு கரைந்துவிட்டது, வெறும் புள்ளிவிவரத் தடுமாற்றம் என்று அறிவித்தார்கள். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அதன்பிறகு ஆயிரக்கணக்கான ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் வரை துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு கதவு திறக்கப் பார்த்தது. நியூட்ரினோ என்ற துகளின் எடை மட்டும் ஏன் இவ்வளவு நுணுக்கம் என்பதற்கு, அதன் ஜோடி ஐந்தாவது பரிமாணத்தில் அலைந்துகொண்டிருக்கிறது என்று விடை சொல்கிறவர்கள் உண்டு. எந்த நியூட்ரினோ கனம், எது லேசு என்று பார்க்கத் தேனி போடி மேற்கு மலைக்குள் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மலைக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று மக்கள் கேட்டார்கள், மாநில அரசும் ஒப்பவில்லை. நியூட்ரினோ எந்த மலையையும் துளைத்துப் போய்விடும். அரசாங்கக் கோப்பைத் துளைக்க அதனால் முடியவில்லை.

தீர்ப்பு இதுதான். கிளைன் கணக்கில் எடை கூடுதல், பவுலி கணக்கில் எடை இல்லை, ராண்டல் சுந்தரம் கணக்கில் எடை சரி, துகள் இல்லை. ஐந்தாவது பரிமாணம் பொய் என்று இன்னும் யாரும் காட்டவில்லை, மெய் என்றும் காட்டவில்லை. அதனால் நாளைக்கு யாராவது உங்களிடம் புதுப் பரிமாணம் ஒன்றை, பிரபஞ்ச ரகசியமாகவோ ஆன்மிக வகுப்பாகவோ, விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுங்கள். பிறகு பவுலி கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: எடை எவ்வளவு? எண் சொல்கிறவரோடு மேலே பேசலாம்.